இருபத்தொரு வயதில் ஒரு கேள்வி

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. சட்டக் கல்லூரி மன்றத்தில் ‘வன்முறைக் குற்றவாளிகளுக்குத் தேவை தண்டனையா, மறுவாழ்வா?’ என்று விவாதம் வைத்திருப்பதாகவும், நீ தண்டனை அணியில் பேசப் போவதாகவும் எழுதியிருந்தாய். “நாங்குநேரியில் அந்தப் பிள்ளைகளை வெட்டியவர்களைத் திருத்தி என்ன ஆகப்போகிறது பெரியப்பா?” என்றும் கேட்டிருந்தாய். நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவன் என்பதால் நான் மறுவாழ்வுக் கட்சி என்று நீயே முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. என் மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு எந்த அணியில் வேண்டுமானாலும் பேசு.

உன் கோபம் நியாயமானது. அதை அடக்கிக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. வள்ளியூரில் அவன் படித்த அதே பள்ளியின் மாணவர்கள்தான் இதைச் செய்தார்கள். அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான், எழுதியும் கொடுத்தான். அதற்குப் பதிலாக அரிவாள் வந்தது. அவ்வளவு வெட்டுக்காயத்திலிருந்தும் மீண்டு, அடுத்த மே மாதம் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 வாங்கினான் அந்தப் பிள்ளை.

குற்றவாளியின் மறுவாழ்வைப் பற்றி யார் பேசினாலும் அந்த வீட்டு வாசலில் நின்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். வெட்டியவனின் வறுமை, அவன் வளர்ந்த தெரு, அப்பாவின் குடி என்று தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் முதல் நாற்காலி வெட்டுப்பட்டவனுக்கு உரியது.

அதே சமயம், கோபம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்க்க வேண்டும். 2019-இல் ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. டிசம்பர் 6 அதிகாலையில், கைதான நால்வரையும் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்த இடத்தில் மக்கள் கூடிப் போலீசார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதாக இல்லை என்று சொன்னது. நால்வரில் மூவர் சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பாதவர்கள் என்றும் அது கருதியது. அறிக்கை 2022-இல் வெளியே வந்தபோது பூத்தூவியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? வழக்கும் விசாரணையும் இல்லாமல் போனதால், உண்மையில் யார் என்ன செய்தார்கள் என்பதை அந்தப் பெண்ணின் குடும்பம் ஒரு நீதிமன்றத்தின் வாயால் கேட்கவே முடியாமல் போயிற்று. சட்டம் படிக்கிற நீ ‘என்கவுண்டர்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதும் முன் இதை நினைத்துப்பார்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வன்கொடுமையில் ஈடுபட்டவர்களில் ஒருவனுக்கு 17 வயது. அன்றிருந்த சட்டப்படி அவனுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது எழுந்த கொந்தளிப்பில் நாடாளுமன்றம் புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடிய குற்றங்களில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களை இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும்: குற்றத்தைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவு புரிந்து செய்தானா, எந்தச் சூழலில் செய்தான். தேவை என்று பட்டால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பெரியவர்களைப் போலவே அவனை விசாரிக்கலாம்.

இதை எல்லோரும் படித்திருப்பீர்கள். பிரிவு 20-ஐத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தண்டிக்கப்பட்டவன் 21 வயது வரை பாதுகாப்பிடத்தில் இருக்க வேண்டும். 21 ஆகியும் தண்டனைக் காலம் மிச்சமிருந்தால், நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ அவனை மதிப்பிட்டு நீதிமன்றத்துக்குச் சொல்ல வேண்டும்: இவனிடம் மாற்றம் வந்திருக்கிறதா? சமுதாயத்துக்குப் பயன்படும்படி இவனால் வாழ முடியுமா? வந்திருக்கிறது என்றால் நிபந்தனைகளோடும் கண்காணிப்போடும் விடலாம். இல்லை என்றால் மிச்சக் காலத்தைச் சிறையில் கழிக்க வேண்டும். மரண தண்டனையும், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் இவர்களுக்குக் கிடையாது. ஆனால் 21 வயதில் அந்தக் கேள்வி உண்டு. தண்டனையா திருத்தமா என்று நீங்கள் மேடை போட்டுப் பிரித்துப் பேசுகிற இரண்டையும் சட்டம் இந்த ஒரே பிரிவில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

என் கட்சி இதுதான் தம்பி. தண்டனை வேண்டும். அந்தத் தண்டனைக் காலத்துக்குள் அவன் மாறவும் வேண்டும். மாறினானா என்று யாராவது நேர்மையாகச் சரிபார்க்கவும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீதி குறைப்பட்டதுதான்.

திருத்துவது என்றால் தையல் மிஷின் கொடுப்பது, தச்சு வேலை சொல்லித்தருவது, பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துவது என்று நினைத்திருப்பாய். தொழில் வேண்டும்தான், வெளியே வந்து சோற்றுக்கு என்ன செய்வான்? ஆனால் கஷ்டமான பகுதி வேறு. ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். பேருந்து நிலையத்தில் ஏற்பட்ட தகராறில் தன் வயதுப் பையன் ஒருவனைக் கத்தியால் குத்தியவன். கூர்நோக்கு இல்லத்தில் முதல் சில வாரம் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தான். ஊரில் அவனுக்குப் பேர் கிடைத்துவிட்டது. மனு போட்டுப் பார்க்க வந்த சேக்காளிகள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். குத்துப்பட்டவனை ‘அந்தப் பய’ என்றே சொல்வான். பெயர் சொல்லமாட்டான். சமூகப் பின்னணி அறிக்கைக்காக நான் எதைக் கேட்டாலும், கதை ‘அவன்தான் முதலில் மொறைச்சான்’ என்பதிலேயே வந்து நிற்கும்.

மனநல ஆலோசகர் விடவில்லை. அன்று சாயங்காலம் குத்துப்பட்டவன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எழுதச் சொன்னார். யார் முதலில் ஓடி வந்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு எதில் கொண்டுபோயிருப்பார்கள், ராத்திரி யார் கூட இருந்திருப்பார்கள். மூன்று தடவை தாளைக் கிழித்துப் போட்டான். நான்காம் தடவை சில வரிகள் எழுதினான். அப்புறம் ஒருநாள் என்னிடம் வந்து, பெயரைச் சொல்லி, “அவனால இனிமே அந்தக் கையால எழுத முடியுமா சார்?” என்று கேட்டான். நரம்பு அறுந்திருந்தது. முடியாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பின் பல நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. இல்லத்தில் அவன் பட்ட உண்மையான தண்டனை அப்போதுதான் தொடங்கியது என்று நான் நம்புகிறேன். பூட்டி வைத்திருந்த மாதங்கள் அவனுக்கு வெறும் காத்திருப்பாகத்தான் இருந்தன.

ஆகவே, திருத்தம் என்றால் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று யாராவது மேடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. தான் செய்ததை முழுதாகப் பார்க்க வைப்பது எந்தப் பூட்டைவிடவும் கடுமையானது. பெரும்பாலான கைதிகள் அதிலிருந்து தப்பித்தே தண்டனைக் காலத்தை முடிக்கிறார்கள். யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

‘திருந்திவிட்டார்’ என்று ஒரு கையெழுத்தில் முடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. பில்கிஸ் பானு வழக்கை எடுத்துக்கொள். 2002 குஜராத் கலவரத்தில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, மூன்று வயது மகளையும் குடும்பத்தினரையும் பறிகொடுத்தவர். ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு முன்விடுதலை செய்தது. வழக்கை நடத்திய சிபிஐயும் மும்பை நீதிமன்றமும் வேண்டாம் என்று சொல்லியிருந்தன. சிறைவாசலில் அவர்களுக்கு இனிப்புக் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள். தன் பாதுகாப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் பில்கிஸ். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, இரண்டு வாரத்துக்குள் சிறைக்குத் திரும்பச் சொன்னது. தண்டனையின் நோக்கம் பழிவாங்குவதல்ல, தடுப்பதும் திருத்துவதும் என்ற பிளேட்டோவின் கருத்தை நினைவுபடுத்தித்தான் நீதிபதி நாகரத்னா அந்தத் தீர்ப்பைத் தொடங்கினார். திருத்தத்தை நம்புகிற நீதிமன்றமே, அதிகாரமில்லாத அரசு கொடுத்த விடுதலையை நிராகரித்தது. மறுவாழ்வு அணியில் பேசுகிற உன் நண்பர்களுக்கும் இந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடு.

இனி நம் ஊர்ப் பக்கம் வா. சாதிவெறியில் வெட்டிய ஒருவனைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள். மோதல் வரக்கூடாது என்று காரணம் சொல்லி, அங்கே கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனி பிளாக்கில் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தும் 2021 ஏப்ரலில் ஓர் இளம் விசாரணைக் கைதி அந்தச் சிறைக்குள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். எந்த வெறியால் அரிவாள் எடுத்தானோ, அதே வெறியர்களோடு அவனை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் வெளியே வருகிறவன் யாராக இருப்பான்? 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைகளில் சாதிப் பாகுபாடு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாளையங்கோட்டை நடைமுறையையும் அது கண்டித்தது. ஒழுங்கைக் காப்பாற்ற வேறு வழி தேடுவது அரசின் வேலை என்றது. ‘கடுமையாகத் தண்டியுங்கள்’ என்று சொல்பவர்கள், எந்தச் சிறையில், யாரோடு, என்ன சொல்லிக்கொடுத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லோரும் திருந்துவார்களா என்று கேட்பாய். மாட்டார்கள். சிலர் கடைசிவரை தாம் செய்ததை நியாயப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களை வெளியே விடக்கூடாது. ஆயுள் தண்டனையை 14 ஆண்டோடு முடித்துவிடாமல் நீண்ட காலம் உள்ளே வைக்க வழி உண்டு என்பதை 2008-இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கிலும் 2015-இல் ஸ்ரீகரன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் யார் அந்தச் சிலர் என்பது, முயன்று பார்த்த பிறகே தெரியும். பதினேழு வயதில் அரிவாள் எடுத்த ஒருவனைப் பற்றி அவன் கைதான அன்று காலை அதைச் சொல்லிவிட யாராலும் முடியாது.

உனக்கு நான் சொல்ல விரும்புவது மூன்று காரியங்கள். நாளை நீ வக்கீலாகி எந்தப் பக்கம் நின்றாலும், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கு ஒருமுறையாவது போய் வா. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் வழக்குகளில், அதன் பிரிவு 15-ஏ, ஜாமீன், விடுதலை, பரோல், தண்டனை என்று எந்தக் கட்டத்திலும் தம் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது, போய்ச் சொல். இரண்டாவது, நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைச் சடங்காக எண்ணாதே. நாலு வரியில் எழுதித் தந்தால் நீதிமன்றத்தில் எழுந்து கேள்வி கேள். எங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் ஒழுங்காக வேலை செய்வது உன்னைப் போன்றவர்கள் கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. மூன்றாவது, அரிவாளுக்கு முன்னால் நடப்பதைக் கவனி. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரை அது பேசுகிறது. விவாதத்துக்கு முன் அதைப் படித்துவிடு.

மேடையில் தண்டனை அணியிலேயே பேசு. தண்டனை வேண்டும் என்று உரக்கச் சொல். கூடவே, அந்தத் தண்டனை முடிகிற நாளில் வெளியே வருகிறவன் யார் என்பதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்றும் கேள். அந்தக் கேள்வியைக் கேட்காத அணி எதுவானாலும் அது வெட்டுப்பட்ட பிள்ளையின் பக்கம் நிற்கவில்லை.

உன் அன்புள்ள,
பெரியப்பா