நம்ம தெருவிலேயே ஒரு தொண்டு



சமூக சேவை என்று கட்டுரை எழுதச் சொன்னால் நாம் எல்லாரும் மரம் நடுதல், ரத்த தானம் என்று எழுதி முடித்துவிடுவோம். ரத்தம் கொடுக்க 18 வயது ஆக வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. எங்க வகுப்பில் பாதிப் பேர் 40 கிலோவைத் தாண்டவில்லை! நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாம் என்றால் அதற்கு +1 போக வேண்டும். அந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கியது. அதன் சின்னம் கோனார்க் கோயில் தேர்ச் சக்கரம். எட்டு ஆரமும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். எந்நேரமும் தயார் என்று அர்த்தமாம்.

நம்ம வயதுக்கு என்ன இருக்கிறது? இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, சாரணர் இயக்கம் எல்லாம் பள்ளியில் சேரக்கூடியவைதான். ஆனால் நான் இங்கே சொல்லப்போவது வேறு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. இதற்குப் பஸ் ஏற வேண்டாம், பேனர் வேண்டாம்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது புதிதில்லை. கேரளத்தில் எர்ணாகுளம் 1990-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டால் கற்கவும் கற்பிக்கவும் தாங்களே போய் வரலாம் என்று அதையும் சேர்த்தே நடத்தினார்கள். 1992-ல் ஆயிரத்து ஐநூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். இன்று நாம் சைக்கிளில் பள்ளிக்கு வருவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அன்றைக்கு நின்று பார்த்தார்களாம்.

என் அப்பத்தா அந்த அறிவொளியில் படித்தவர். அரிக்கேன் விளக்கு வைத்து ராத்திரியில் வகுப்பு நடந்ததாம். பெயர் எழுதக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் குழுவில் கையெழுத்துதான், கைநாட்டு இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அவரால் வாசிக்க முடியாது. ஏன் அப்பத்தா என்று கேட்டதற்கு, "அப்புறம் ஆரு வந்தா? வகுப்பு நின்னு போச்சு, எழுத்தும் மறந்து போச்சு" என்றார். இதைத்தான் எல்லாரும் யோசிக்க வேண்டும். எழுத்து என்பது நட்டுவிட்டு வந்துவிடும் மரக்கன்று மாதிரிதான், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

நமக்கு அந்த ஆள் கிடைத்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. நான்காம் வகுப்பு முழுவதும் நாங்கள் வீட்டில் இருந்தோம். அப்போது வந்ததுதான் இல்லம் தேடிக் கல்வி. மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள், 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்க தெரு அக்கா மழை வந்தால் கோயில் திண்ணைக்கு எங்களை மாற்றிவிட்டு நடத்துவார், லீவே விட மாட்டார். எனக்கு வகுத்தல் வந்தது அந்தத் திண்ணையில்தான்.

பெரியவர்களுக்கும் இப்போது ஒரு திட்டம் இருக்கிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 முதல் 2027 வரை. 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாத எல்லாருக்கும் உரியது. தன்னார்வலர்களை வைத்துத்தான் நடக்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு.

நான் மூன்று மாதமாக அப்பத்தாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, அப்புறம் கால், கொம்பு, சுழி போன்ற குறிகள். இவை தெரிந்தால் மீதியைச் சேர்த்துப் படித்துவிடலாம். ப, ட, ம மூன்றையும் காட்டி அன்றைக்கே படம், மடம், பட்டம் என்று வாசிக்க வைக்கலாம். கால் ஒன்று சேர்த்தால் பட்டா வந்துவிடும். நிலத்துப் பட்டா என்றதும் பெரியம்மாவுக்கு ஒரே உற்சாகம். கஷ்டம் எங்கே வரும் என்றால் உகர, ஊகார வரிசையில். கு, டு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி திரும்பும். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

அடுத்தது கண். நாற்பது வயதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். இதற்குத்தான் வெள்ளெழுத்து என்று பெயர். நான் என் நோட்டைக் கொடுத்தபோது பெரியம்மா, "எனக்கு மண்டையில ஏறாதுடி" என்றார். சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டியதும் ஏறிவிட்டது. அதனால் நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து. நோட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாடப் புத்தகத்தோடு அவர்களுக்கு எது தேவையோ அதையும் வாசிக்க வையுங்கள். அப்பத்தாவுக்குச் சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று மாத்திரை. நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். ஒரு தடவை வந்த மாத்திரை நிறம் மாறி வந்துவிட்டது. நல்லவேளை, போடுவதற்கு முன் அம்மா பார்த்தார். அன்று முதல் கவர் மேல் சர்க்கரை, பிரஷர், காலை, இரவு என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இந்த நான்கு வார்த்தைகளை அப்பத்தா யார் துணையும் இல்லாமல் வாசிக்கிறார். இப்போது பஸ் போர்டுக்கு வந்திருக்கிறோம். பஸ் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது கொஞ்சம் சிரமம்தான்!

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களுக்குச் சோறாக்கி முடித்து எட்டு மணிக்கு மேல்தான் ஓய்வு. நடவு, அறுப்புக் காலத்தில் களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். அப்போது பத்து நிமிடம் போதும், ஆனால் விட்டுவிடக் கூடாது. மாணவிகள் அதே தெருவில், இரண்டு பேராக, வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பரீட்சை நேரத்தில் நமக்குப் பதில் யார் போவது என்பதை முதலிலேயே பேசிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் "அப்புறம் ஆரு வந்தா?" கதைதான்.

எங்க வகுப்பில் நான்கு பேர் ஆசிரியையிடம் பெயர் கொடுத்திருக்கிறோம். கீழத்தெருவுக்கும் காலனிக்கும் ஆள் இருக்கிறது. மேலத்தெருவில் ஏழு பேர் படிக்க ஆசைப்படுகிறார்கள், சொல்லிக்கொடுக்க இன்னும் யாரும் இல்லை. 8, 9, 10 வகுப்பு மாணவர்கள் பெயரையும் தெருவையும் இந்தத் தாளின் அடியில் உள்ள கட்டத்தில் எழுதலாம். பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி