குறைமாதக் குழந்தையின் மூளை ஸ்கேன் எவ்வளவு சொல்லும்?

32 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு, உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். பெரிய இரத்தக்கசிவு, நீர்க்கட்டி இருந்தால் அதில் தெரியும். பரவலான நுண்ணிய பாதிப்பை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். அதில் கதிர்வீச்சு இல்லை. பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள்.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 30 வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளுக்கு, பத்து மாதம் நிறைந்திருக்க வேண்டிய நாளையொட்டி எம்.ஆர்.ஐ. எடுத்து, 2 வயதில் மறுபடி சோதித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. 21 சதவீதத்தினருக்கு மூளையின் வெண்பகுதியில் நடுத்தர அல்லது கடும் பாதிப்பு. அறிவு வளர்ச்சித் தாமதமும் மூளை முடக்குவாதமும் இவர்களிடம் அதிகம். ஆனால் இவர்களிலும் பலருக்குக் கடுமையான தாமதம் வரவில்லை. ஸ்கேனில் பெரிதாக எதுவும் தெரியாத சிலரோ பின்தங்கினார்கள்.

'ரிப்போர்ட் நார்மல்' என்றதும் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடும் பெற்றோரை நினைத்துத்தான் நமக்குக் கவலை. ரிப்போர்ட் சரியில்லை என்று மனம் விட்டு, பிசியோதெரபிக்கே கூட்டிப்போகாமல் இருப்பது அதைவிட மோசம். முதல் 2 வருடம் தவறாமல் காட்டுங்கள். தவழ்வது, நடப்பது எல்லாவற்றுக்கும் பிறந்த நாளிலிருந்து அல்ல, மருத்துவர் முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்தே வயதை எண்ண வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் மாமிமார்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.