ஈசிஜி சரியானது, ஆள் பிழைத்தாரா?

அன்புள்ள தம்பிக்கு,

ஜேக்கப் ஸ்டெகெங்காவின் ‘மெடிக்கல் நிஹிலிசம்’ (2018) படித்துவிட்டு, “நாம் எழுதித்தரும் மருந்துகள் பெரும்பாலும் வீண் என்றால் இந்தத் தொழில் எதற்கு?” என்று கேட்டிருக்கிறாய். தத்துவப் பேராசிரியரான அவர் சொல்வது இதுதான்: ஆய்வுமுறைகளை வேண்டியபடி வளைக்க இடமிருக்கிறது, சாதகமான முடிவு அச்சேறுகிறது, பாதகமானது அலமாரியில் தூங்குகிறது, ஆகவே எந்தச் சிகிச்சையையும் எளிதில் நம்பிவிடாதே. இன்சுலினையும் பென்சிலினையும் அவர் தள்ளிவிடவில்லை. அதைக் கவனித்தாயா?

அவருடைய சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்பதற்கு ஒரு கதை போதும். மாரடைப்பில் பிழைத்தவர்களில், இதயத் துடிப்பு அடிக்கடி தப்புகிறவர்களே திடீரென்று அதிகம் இறந்தார்கள். துடிப்பைச் சீராக்கினால் சாவைத் தடுக்கலாம் என்று என்கைனைடு, ஃப்ளெகைனைடு மாத்திரைகளை எழுதினார்கள். ஈசிஜியும் சீரானது. பிறகு அமெரிக்காவில் ‘காஸ்ட்’ ஆய்வு வந்தது. இந்த மாத்திரைகளால் துடிப்பு சீரானவர்களையே எடுத்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். 1989இல் ஆய்வில் அந்த மருந்துகளை நிறுத்தினார்கள்.

எழுதிக்கொடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. காரணம் பொருந்தி வந்தது, ஈசிஜி கோடும் சீரானது. ஆள் பிழைத்தாரா என்று எண்ணிப் பார்க்கத்தான் முதலில் பலருக்குத் தோன்றவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தவர்களும் மருத்துவர்களே என்பதை மறந்துவிடாதே.

இன்னொரு பக்கத்தையும் பார். 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்து, உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பலன் இவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணுக்கே தெரியும். சிறிதாக இருக்கும் இடத்தில்தான் நீ துருவ வேண்டும்.

ஆகவே சந்தேகத்தை ஒரு மனநிலையாக வளர்க்காதே. ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் ஒரு கேள்வியாக வைத்துக்கொள். “ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்று மருந்துக் கம்பெனி ரெப் வழவழப்பான அட்டையை நீட்டினால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேள். நூற்றில் இரண்டு ஒன்றானாலும் பாதிதான், நாற்பது இருபதானாலும் பாதிதான்.

ஓபியில் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு வருவார். மேஜைமேல் கொட்டச் சொல். இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே மாத்திரை, என்றோ வந்த வயிற்றெரிச்சலுக்கு இன்றும் விழுங்கும் கேப்ஸ்யூல், எதற்கென்று அவருக்கே தெரியாத வெள்ளை வில்லை எல்லாம் விழும். எதை நிறுத்தலாம் என்று பார். சிலவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

உன் சந்தேகத்தை நோயாளியின் தலையில் இறக்கிவைக்காதே. “இங்கிலீஷ் மருந்தே வேஸ்ட்” என்று நீ சலித்துக்கொண்டால், அவர் இன்சுலினை விட்டுவிட்டு, சர்க்கரையை வேரோடு அறுக்கும் என்று விற்கிற பொடியைத் தேடிப் போவார். ரெப்பிடம் கேட்ட கேள்வியை அந்தப் பொடியிடமும் கேட்கச் சொல்லிக்கொடு. அப்போதுதான் உன் சந்தேகம் நேர்மையானது.

அன்புடன்,
உன் அண்ணன்