மூன்றாவது கட்டம்

தூத்துக்குடியில் டியூஷன் எடுக்கத் தொடங்கிய நாட்களில், சரியான விடையைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சங்ககாலப் பாண்டியரின் துறைமுகம் எது? கொற்கை. ஒரு மதிப்பெண். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கொற்கையில எங்க ஆச்சி வீடு இருக்கு. அங்க கடலே இல்லையே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். வயலும் வாழையுமாக இருந்தது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போனதையும், துறை பழையகாயலுக்கும் பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்ததையும் அங்கே நின்றபடி சொன்னேன். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தியது. கிடைத்த கரித்துண்டின் காலம் ஏறக்குறைய கி.மு. 785.

திரும்பி வந்ததும் நோட்டில் மூன்று கட்டம் போட வைத்தேன்: கேள்வி, விடை, 'எப்படித் தெரியும்?'. இன்றுவரை அதுதான் எங்கள் வழக்கம். அதில் நான் கற்றவை இவை.

கையால் செய்து பார்க்க முடிந்தால் செய்யுங்கள். 'முத்து எதனால் ஆனது?' என்ற கேள்விக்கு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பித் துண்டை வினிகரில் போட்டோம். பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து கரியமில வாயு வெளிவருகிறது. முத்தும் பெரும்பாலும் அதே பொருள்தான். மழைத்துளியோ மணலோ முத்தாகும் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 1973இல் நம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தபோது, சிப்பிக்குள் சிறு மணியோடு இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதைத் துண்டையும் வைத்தார்கள். அந்தச் சதையின் செல்கள்தான் மணியைச் சுற்றிப் படலம் படலமாகப் பூசுகின்றன.

'யார் செய்தார்கள்?' என்றும் கேளுங்கள். முத்து ஏற்றுமதி என்று பாடம் ஒரே வரியில் முடிந்துவிடும். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கைப் பக்கம் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளித்தார்கள் என்கிறது. அதைப் படித்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

பெரியவர்களிடம் போங்கள். எங்கள் தெருவில் சங்கு குளித்த தாத்தா ஒருவர் இருக்கிறார். கடலில் மூழ்குபவரின் கயிற்றைப் படகில் யார் பிடிப்பார்கள் என்று கேட்டோம். "கயித்த மச்சான்தாம்ல பிடிப்பான். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா" என்றார். உறவுமுறை பற்றி ஒரு பாடம் முழுக்க எழுத வேண்டியது அந்த ஒரு கயிற்றில் இருந்தது.

போன வாரம் அதே பிள்ளை நோட்டில் புதிதாக ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: '1961க்குப் பிறகு இங்கே ஏன் முத்துக்குளிப்பு நடக்கவில்லை?' இரண்டாம் கட்டத்தில், கடலடியில் சிப்பி வளரும் பார்கள் வளம் குன்றியதால் என்று எழுதியிருந்தாள். மூன்றாவதை நிரப்ப, டியூஷன் முடிந்ததும் நோட்டோடு தாத்தா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.