விண்கலம் அனுப்பியது யார் கைக்குப் போகிறது? ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

நிலவுக்கோ செவ்வாய்க்கோ ஒரு கலம் போய்ச் சேர்ந்தால் அன்று தொலைக்காட்சியில் கைதட்டல், மறுநாள் நாளிதழில் முதல் பக்கம். நம் கவனம் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கலம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் அனுப்பும் எண்களும் படங்களும் எங்கே போகின்றன? இதைப் பற்றி உலவும் தவறான எண்ணங்களில் ஐந்தை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஒவ்வொரு நாடும் தன் தரவைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

உண்மை: வழக்கம் பெரும்பாலும் நேர்மாறானது. கருவியைச் செய்த குழு தரவைச் சரிபார்த்து ஆராய முதலில் கொஞ்சம் அவகாசம் உண்டு. நாசாவிலும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்திலும் அது பொதுவாக ஆறு மாதம். பிறகு தரவு பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நாசாவின் காப்பகத்துக்கு பி.டி.எஸ். என்று பெயர். ஐரோப்பியக் காப்பகம் மாட்ரிட் அருகே இருக்கிறது. இந்தியாவுக்கு பெங்களூரு அருகே பைலாலுவில் ஒரு தரவு மையம் உண்டு. சந்திரயான்-2 சுற்றுக்கலன் திரட்டியதை இஸ்ரோ 2020 டிசம்பரில் வெளியிடத் தொடங்கியது. சந்திரயான்-3 தரவு 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தது.

அரசியல் குறுக்கே வராது என்று அர்த்தமில்லை. சிறப்பு அனுமதி இல்லாமல் சீனாவுடன் நாசா நேரடியாக இணைந்து செயல்பட அமெரிக்கச் சட்டம் 2011 முதல் தடை போட்டிருக்கிறது. ஆனால் 2021இல் செவ்வாயைச் சுற்றும் கலங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, அந்த இரு தரப்பும்கூட சுற்றுப்பாதை விவரங்களைப் பரிமாறிக்கொண்டன.

நம்பிக்கை 2: பகிர்வது என்றால் படங்களை இணையத்தில் ஏற்றிவிடுவது.

உண்மை: பெயர், தேதி, அலகு எதுவும் இல்லாத ரத்தப் பரிசோதனைச் சீட்டு மருத்துவருக்கு எவ்வளவு பயன்படுமோ, வெறும் படமும் அவ்வளவுதான் பயன்படும். எந்தக் கருவி எடுத்தது, எந்த நொடியில் எடுத்தது, அப்போது கலம் எங்கே இருந்தது, கருவி எந்தப் பக்கம் பார்த்தது, வெயில் எந்தக் கோணத்தில் விழுந்தது, எண்கள் எந்த அலகில் உள்ளன என்பதெல்லாம் கூடவே வர வேண்டும். அலகுக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு 1999இல் செவ்வாயில் அழிந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் சாட்சி. ஒரு தரப்பு பவுண்டில் கொடுத்த விசைக் கணக்கை மறு தரப்பு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

ஆளுக்கொரு முறையில் விவரம் எழுதினாலும் சிக்கல்தான். அதனால் பல நாட்டு விண்வெளி அமைப்புகள் 2006இல் சர்வதேசக் கோள் தரவுக் கூட்டணியைத் தொடங்கின. பி.டி.எஸ்.4 என்ற பொதுத் தரம் இன்று நாசா, ஐரோப்பா, இந்தியா என்று பல இடங்களிலும் புழக்கத்தில் இருக்கிறது. நாசா காப்பகத்தில் ஒரு தொகுப்பைச் சேர்ப்பதற்கு முன், அதைத் தயாரித்த குழுவைச் சேராத விஞ்ஞானிகள் அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். செய்தியில் வராத இந்த எழுத்து வேலை நடக்கவில்லை என்றால் பகிர்வு பேச்சளவிலேயே நின்றுவிடும்.

நம்பிக்கை 3: கலம் செத்தால் தரவும் பழங்கதை.

உண்மை: சந்திரயான்-1 கலத்துடன் 2009 ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறுந்தது. அதில் இருந்த 11 கருவிகளில் ஆறு வெளிநாட்டுக் கருவிகள். எம்-3 என்ற அமெரிக்கக் கருவி அவற்றில் ஒன்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதன் தரவை நாசாவின் எல்.ஆர்.ஓ. கலத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், நிலவின் துருவங்களில் வெயிலே படாத பள்ளங்களின் மேற்பரப்பில் பனிக்கட்டி இருப்பதற்கு நேரடி ஆதாரம் காட்டினார்கள்.

வெள்ளியைச் சுற்றிய மெகல்லன் கலத்தின் கதை இன்னும் பழையது. அது 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் ரேடாரால் படம் பிடித்த மாட் மோன்ஸ் எரிமலைப் பகுதியை ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி இருவரும் ஒப்பிட்டார்கள். இரண்டு முறையும் ரேடார் எதிரெதிர்த் திசைகளிலிருந்து பார்த்திருந்ததால் ஒப்பிடுவதே பெரும்பாடு. முதல் படத்தில் ஏறக்குறைய வட்டமாக, சுமார் 2.2 சதுர கிலோமீட்டரில் இருந்த எரிமலை வாய், இரண்டாவதில் உருக்குலைந்து சுமார் 4 சதுர கிலோமீட்டராக விரிந்திருந்தது. வெள்ளியில் எரிமலை இயக்கம் இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டும் இந்த முடிவு 2023இல் வெளியானது. கலம் எரிந்தது 1994இல். இந்த முடிவு வெளியான அடுத்த ஆண்டே இத்தாலிய ஆய்வாளர்கள் அதே காப்பகத்தில் புதிய எரிமலைக் குழம்பு ஓட்டங்களைக் கண்டார்கள்.

நம்பிக்கை 4: ஒருமுறை சேமித்தால் என்றென்றைக்கும் பத்திரம்.

உண்மை: அப்பல்லோ 11 அனுப்பியவற்றின் மூலப் பதிவு நாடாக்களைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009இல் கைவிரித்தது. நிலவின் உள்வெப்பத்தை அளந்த அப்பல்லோ 15, 17 கருவிகளின் தரவிலும் ஒரு பகுதி பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்தது. வாஷிங்டன் அருகே ஓர் ஆவணக் கிடங்கில் 440 நாடாக்கள் அகப்பட்டன. அவற்றிலிருந்து 1975இன் சில மாதத் தரவு மட்டும் மீண்டது. நாடா பிழைத்தாலும் அதைப் படிக்கும் இயந்திரமும் குறியீட்டை அறிந்தவரும் இல்லாவிட்டால் வீண்தான். இன்றைய தரங்கள் எளிய கோப்பு வடிவங்களையும் முழு விளக்கக் குறிப்பையும் வற்புறுத்துவது அதனால்தான்.

நம்பிக்கை 5: விஞ்ஞானிகளைத் தவிர யாருக்கும் அங்கே வேலையில்லை.

உண்மை: சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதியது. அந்த இடத்துக்கு மேலே பறந்த எல்.ஆர்.ஓ. செப்டம்பர் 17இல் எடுத்த படங்களை நாசா வெளியிட்டது. சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அவற்றைப் பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெளிர்ப்புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2 அன்று நாசா உறுதிசெய்தது. முதன்மை மோதல் இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளி அது கிடந்தது.

எல்லாத் தரவும் இப்படிக் கண்ணால் பார்த்தே பிடிபடும் என்பதில்லை. நிறமாலை, ரேடார் கோப்புகளைப் படிக்கத் தனி மென்பொருளும் பயிற்சியும் வேண்டும். ஆனால் நாசா காப்பகத்துக்குப் பதிவுகூடத் தேவையில்லை. இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பெயரைப் பதிந்தால் போதும், காசு கிடையாது. 2009இல் புறப்பட்ட எல்.ஆர்.ஓ.வின் தரவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நம் கல்லூரி இயற்பியல் துறைகள் மாணவர் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும்போது முதலில் எட்டிப்பார்க்க வேண்டிய இடம் இந்தக் காப்பகங்கள்தான்.