டி.வி. வாங்க நல்ல நேரம் எது?

(எலக்ட்ரானிக்ஸ் பிரிவு, மூன்றாம் ஆண்டு)



கல்யாணத்துக்கு நல்ல நேரம் பார்க்கிறோம், கிரகப்பிரவேசத்துக்கும் பார்க்கிறோம். டி.வி. வாங்க நல்ல நேரம் எது என்று கேட்டால், "தீபாவளிதான், பாதி விலைக்குத் தர்றாங்களே!" என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம். அதில் நாங்கள் பட்ட பாட்டையும், பிறகு நான் கற்ற கணக்கையும் எழுதுகிறேன்.

நடந்த கதை

என் அப்பா கொத்தனார். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். 2023 தீபாவளிக்கு ஒரு கடையில் 32 அங்குல டி.வி. எடுத்தார். "எம்.ஆர்.பி. ரூ.25,990. இன்று மட்டும் ரூ.12,990. வட்டியில்லாத் தவணை" என்று போர்டு வைத்திருந்தார்கள். காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். அப்போது நான் டிப்ளமோ முதல் வருஷம். பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் படிவத்தைப் படிக்கவில்லை, டி.வி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிராசஸிங் சார்ஜ் என்று ரூ.699 போனது. கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றது. டிசம்பர், ஜனவரி இரண்டு தவணையும் பாங்கில் பணமில்லாமல் திரும்பின. ஒவ்வொரு தடவையும் பைனான்ஸில் ரூ.590, பாங்கில் ரூ.590 அபராதம். கூட்டிப் பாருங்கள்:

12,990 + 699 + 2,360 = 16,049.

அதே மாடல் தை மாதத்தில் பக்கத்துத் தெருக் கடையில் எந்த ஆபரும் இல்லாமல் ரூ.11,800! என் பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அப்பா திட்டவில்லை. "நீ படிச்ச புள்ள, பக்கத்துலதானே தம்பி நின்னே?" என்று மட்டும் கேட்டார்.

கவனிக்க வேண்டியவை

1. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற எல்லைதான். கடையில் விற்கும் விலை அல்ல. அதிலிருந்து கழித்தால் எந்தத் தள்ளுபடியும் பெரிதாகத்தான் தெரியும். வாங்கப்போகும் மாடலின் விற்பனை விலையை இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே நோட்டில் குறித்து வையுங்கள்.

2. "40% + மேலும் 10%" என்றால் 50% அல்ல. 100 ரூபாய் 60 ஆகி, பிறகு 54 ஆகும். தள்ளுபடி 46% தான்.

3. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 43 அங்குலத் திரையின் பரப்பு 32 அங்குலத்தைப் போல் 1.8 மடங்கு. இரண்டையும் ஒப்பிடும்போது பரப்பை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

4. தயாரித்த மாதமும் வருடமும் அட்டைப்பெட்டியில் இருக்கும். புது மாடல் வரும்போது பழையதை விலை குறைத்துத் தள்ளுவார்கள். வாங்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

5. "ரொக்கமா கொடுத்தா எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள். தவணையில் எல்லாம் சேர்த்துக் கட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி, பெயர் எதுவானாலும்.

எப்போது குறையும்?

ஆடியில் கல்யாணம் இல்லை, வியாபாரம் மந்தம். அதனால் தள்ளுபடி உண்டு. தீபாவளிக்கு மாடல்கள் நிறைய வரும், ஆனால் பல சலுகைகள் குறிப்பிட்ட பாங்கின் கிரெடிட் கார்டு உள்ளவர்களுக்கே. இவை தவிர, வரி குறைந்தாலும் விலை குறையும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறையும் என்று 2025 செப்டம்பர் 3-ல் அறிவித்தார்கள். 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. விலை 10% குறையும் என்று பலரும் நினைத்தார்கள். 128 ரூபாய் 118 ஆகிறது; அப்படியென்றால் குறைவு 7.8% தான்.

அந்தச் சமயம் என் சித்தி 43 அங்குல டி.வி. வாங்க இருந்தார். ஆடி முதலே விலையை நான் குறித்து வந்தேன். ஆடியில் ரூ.24,990. "சித்தி, 22-ஆம் தேதி வரைக்கும் பொறுங்க" என்றேன். வரிக் கணக்குப்படி சுமார் ரூ.23,040 வர வேண்டும். சீட்டுப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரூ.22,800-க்கு முடித்தோம். தீபாவளி வாரம் அதே கடையில் ரூ.23,490, கார்டு இருந்தால்தான் கழிவு. சித்தியிடம் ஏது கார்டு?

முடிவுரை

நண்பர்களே, சாதாரண நாளின் விலை தெரியாதவனுக்கு எல்லா நாளும் தள்ளுபடி நாளாகத்தான் தெரியும். நம்மைப் போன்ற கூலி வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு: தவணை கட்டும் மாதங்களில் வேலை இருக்குமா என்று பார்க்க வேண்டும். கொத்தனார் வீட்டுக்குத் தீபாவளித் தவணை என்பது மழைக்காலத் தவணை.

சித்தியோடு அப்பாவும் கடைக்கு வந்திருந்தார். கடைக்காரர் நீட்டிய பில்லை வாங்கி என் கையில் கொடுத்தார். "படி தம்பி. அப்புறம் பணம் குடுக்கலாம்" என்றார்.

இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன்.