காக்கைக்கு வைக்கும் சோறு

இந்தப் பாடம் பஞ்ச மகா யக்ஞம் பற்றியது. பிரம்ம, தேவ, பித்ரு, மனுஷ்ய, பூத யக்ஞம் என ஐந்து வேள்விகள். பித்ரு யக்ஞம் முன்னோருக்கு. பூத யக்ஞம் மரம், பறவை, விலங்கு எல்லாவற்றுக்கும். வகுப்பில் இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறோம். ஆனால் இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

2019 இறுதியில் அப்பா தவறிவிட்டார். எனக்கு வயது 16. அவருக்கு ஆஸ்துமா. அந்த செப்டம்பர் புகைமூட்டத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும், அப்பாவுக்குச் செய்ய இனி எதுவுமே இல்லையா என்ற எண்ணம்தான் மிஞ்சியது.

2020 பிப்ரவரியில், சிலாங்கூரின் கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 900 ஹெக்டருக்கும் மேலான நிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கும் அறிவிப்பு வந்தது. அது பீட் மண் சதுப்புக் காடு. ஈரமாக இருக்கும்வரை அந்த மண் எளிதில் எரியாது. வடிகால் வெட்டி உலர்த்தினால் மண்ணே பற்றிக்கொள்ளும். நிலத்துக்கு அடியிலும் புகையும். புகைமூட்டம் வரும் வழிகளில் இதுவும் ஒன்று.

பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு இருந்தது. வகுப்பு எடுக்கும் அக்கா சொன்னார்: “அப்பாவுக்கு ஏதாச்சும் செய்யணும்னு சொல்றியே தம்பி, ஒரு கடிதம் எழுதேன்.”

எழுதினேன். நண்பர்களையும் எழுத வைத்தேன். ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. இருந்தும், 2021 ஆகஸ்டில் காட்டின் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று, அப்பா போன நாளைவிட அதிகமாக அழுதேன். மறுபடி எழுதினோம். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது.

அப்பா திரும்பி வரவில்லை. துக்கமும் போகவில்லை. ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

திவசத்தன்று காக்கைக்குச் சோறு வைக்கிறோம். படைப்பது முன்னோருக்கு, பசியாறுவது ஓர் உயிர். இரண்டு வேள்வியும் ஒரே இலையில் இருக்கு. அந்தக் காக்கை உட்கார ஒரு மரம் வேண்டாமா?

கலந்து பேசுங்கள்:

1. உங்கள் வட்டாரத்தில் எந்த ஆறு, காடு, கடற்கரை ஆபத்தில் இருக்கிறது? அதைப் பற்றி யாருக்கு எழுத வேண்டும்?

2. துக்கத்தில் இருக்கும் நண்பரிடம் “அழாதே” என்று சொல்லாமல், அவரை எந்தப் பணியில் சேர்த்துக்கொள்ளலாம்?